சாணை ஏறாத கத்தி

துப்பறியும் பரமசிவத்தை யாரும் பணத்தால் வாங்க முடியாது, பயமுறுத்திப் பணிய வைக்கவும் முடியாது. ஆனால் ஒரு டம்ளர் காபியைக் காட்டினால் போதும், மனிதர் சுருண்டுவிடுவார். இது அவருடைய உதவியாளர் அமிர்தத்துக்கு மட்டுமே தெரிந்த தொழில் ரகசியம். அதனால்தான் அன்று முற்பகல், நெய்வேலி டவுன்ஷிப்பில் ராஜாங்கத்தின் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் காபி மணத்தபோது, 'போச்சு, இனிமே இவரு கேள்வி கேட்ட மாதிரிதான்' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ராஜாங்கம் கூடத்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன். போன வாரம் பெல்ட்டின் சுவிட்ச் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டான். நிலக்கரி மலையாகக் குவிந்து, அதைத் தள்ளிவிடப் போன பழனிவேல் என்ற கூட்டாளி மயிரிழையில் தப்பினான். நாளைக் காலை என்கொயரி. அதற்குள் இன்னொரு முறை தூங்கினால் என்கொயரியும் கிடையாது, ஒன்றும் கிடையாது, வேலை போய்விடும். கம்மாபுரம் பக்கத்தில் அவர்களுக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்குப் பதிலாக வந்த வேலை அது. அதுவும் போனால் குவார்ட்டர்ஸும் போகும். பிறகு அவர்களுக்கு நிற்க இடமில்லை.

ராஜாங்கத்தின் கண்ணை விரித்து, சுருங்கிக்கிடந்த கண்மணியைப் பார்த்த டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: அபின்.

"அது கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாதுங்க" என்று ராஜாங்கம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். "எவனோ இவருக்குக் கலந்து குடுக்கிறான், கண்டுபுடிச்சுக் குடுங்க" என்று பரமசிவத்தைத் தேடி வந்து அழுதவள் அவன் மனைவி செங்கமலம்.

அன்றிலிருந்து பரமசிவமும் அமிர்தமும் மந்தாரக்குப்பத்து டீக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள். கண்டுபிடித்தது, எல்லாக் கடையிலும் பாலில் தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும்தான்.

"ராஜாங்கம், நேற்று வெளியே எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார் பரமசிவம். நெய்வேலி வெயிலிலும் அவர் டை கட்டியிருந்தார்.

"எங்கியும் இல்லிங்க. நீங்க சொன்னதுலேர்ந்து வெளியில பச்சத்தண்ணிகூடத் தொடுறது இல்ல."

"வெற்றிலை? பீடி?"

"அதுவும் வுட்டுட்டன்."

"அப்ப இனிமே மூச்சு வுடுறதத்தான் சந்தேகப்படணும் சார்" என்றாள் அமிர்தம்.

செங்கமலம் காபித் தட்டை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். பெரிய பித்தளை டம்ளர் ஒன்று, சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று. ராஜாங்கம் முகம் கழுவிக்கொண்டு வர எழுந்து போனான். பரமசிவம் இரண்டு டம்ளரையும் பார்த்தார். நியாயமாக யோசித்தார். பெரியதை எடுத்து ஒரே மூச்சில் உள்ளே தள்ளினார்.

காபி குடிக்காத அமிர்தம் கூடமாட உதவி செய்யலாம் என்று அடுப்படிக்குப் போனாள். மேடையில் ஒரு மாங்காய் கிடந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு கத்தி.

"மாங்காய நறுக்கட்டுமா தங்கச்சி? கத்தி நல்லா வெட்டுமா?"

"நேத்துதான் அக்கா சாணைக்காரர் புடிச்சுக் குடுத்துட்டுப் போனாரு" என்றாள் செங்கமலம், குழம்பைக் கிளறிக்கொண்டே.

அமிர்தம் கத்தியை மாங்காயில் வைத்து அழுத்தினாள். மாங்காய் வழுக்கிக்கொண்டு உருண்டது. மறுபடி பிடித்து அறுத்தாள். தோலில் கீறல்கூட விழவில்லை.

"இது சாணை புடிச்ச கத்தியா? இத வெச்சிகினு மாங்காய் கிட்ட சண்ட போட முடியாது, சமாதானந்தான் பேசணும்."

செங்கமலம் சட்டென்று கத்தியை வாங்கித் துணியில் சுற்றிப் பானைக்குப் பின்னால் தள்ளினாள். "அருவாமணையில நானே நறுக்கிக்கிறன் அக்கா, நீங்க போய் குந்துங்க."

வெளியே வந்த செங்கமலத்தின் கண்ணில் காலிப் பித்தளை டம்ளர் பட்டது. அவள் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயையோ! அது அவரு டம்ளராச்சுங்களே!"

"காபிக்குப் பெயர் எழுதி வைத்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன் அம்மா" என்று பரமசிவம் மீசையைத் துடைத்தார். ராஜாங்கம் சிரித்துக்கொண்டே சின்ன டம்ளரை எடுத்துக் குடித்தான். ஒரு டம்ளர் காபிக்கு இவ்வளவு பதறுகிறாளே, புருஷன் மேல் அத்தனை பிரியம் போலிருக்கிறது என்று அமிர்தம் நினைத்துக்கொண்டாள். அப்போது அவள் நினைத்தது அவ்வளவுதான்.

தெருவுக்கு வந்ததும் அவள் பரமசிவத்தை நிறுத்தினாள்.

"சார், சாணைக்காரன் வந்து போன மறுநாளே கத்தி மாங்காயில எறங்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணு கத்தியப் புடுங்கி ஒளிக்குது. இன்னாங்க அர்த்தம்?"

"சாணைக்காரன் சாணை பிடிக்க வரவில்லை என்று அர்த்தம்" என்றார் பரமசிவம். "வா, ஆளைப் பார்ப்போம்."

சாணைக்காரன் தனகோட்டியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளி அவன் குரல் கணீரென்று கேட்டது. "சாணே... கத்தி, கத்திரிக்கோல், அருவாமணே... சாணே!" தோளில் சாணைச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு நிதானமாக நடந்து வந்தான். பரமசிவமும் அமிர்தமும் மைதானத்து முந்திரி மரத்தின் மறைவில் நின்றார்கள். மரத்தில் யாரோ ஒரு வெள்ளாட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆம்பிளை நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கினால், மனைவி வாசல் கேட்டில் முறத்தைக் குப்புறத் தொங்கவிடுவாள். முறத்தைக் கண்டால் கீரைக்காரி கூவ மாட்டாள், தபால்காரர் மணியடிக்க மாட்டார், பிள்ளைகள் கோலியைக்கூடத் தள்ளிப்போய் விளையாடும். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குடியேறிய ஜனங்கள் வேறு எதில் ஒத்துப்போனார்களோ இல்லையோ, இதில் ஒத்துப்போனார்கள்.

முறம் தொங்காத வீடுகளின் முன்னால் தனகோட்டி தொண்டை கிழியக் கத்தினான். ஒருத்தி உள்ளே இருந்து, "இந்தாப்பா, நில்லு!" என்று கூப்பிட்டாள். அவன் காதில் விழாதவன் போல நடையைக் கட்டினான். முறம் தொங்கிய வீட்டை நெருங்கியதும் வாயை மூடிக்கொண்டான். பூனை போலக் கேட்டைத் திறந்து உள்ளே போனான். துணியில் சுற்றிய கத்தியை ஒருத்தி வெளியே நீட்டினாள். அவன் வாங்கினான், திரும்பி நின்று ஏதோ செய்தான், துணியோடு திருப்பிக் கொடுத்தான். சக்கரம் சுற்றவில்லை, ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

"பாத்தீங்களா சார்! தூங்குற ஆள எழுப்பக் கூடாதுன்னுதான் முறம். அந்த வூட்டு வாசல்ல எவனாவது கர்ருன்னு சாணக்கல்லச் சுத்துவானா? கூப்புடுற வூட்டுக்குப் போவாம, கூப்புடாத வூட்டுக்குள்ள பூர்றான். கத்தி ஒரு சாக்குங்க. அந்தத் துணிக்குள்ளதான் சரக்கு."

சொல்லிவிட்டுப் பரமசிவத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் மரத்தில் சாய்ந்து, டை ஒரு பக்கம் கோணிக்கிடக்க, வெள்ளாட்டின் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அமிர்தம், இந்த ஆட்டுக்கு எவ்வளவு நல்ல மனசு தெரியுமா?"

"சார்?"

"யாரையும் குறை சொல்வதில்லை." அவர் மூக்கைச் சொறிந்தார். மறுபடி சொறிந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "குற்றவாளிகள்கூட நல்லவர்கள்தான் அமிர்தம். அவனைப் பிடிக்க வேண்டாம், பாவம். நாம் இப்படியே இங்கேயே இருந்துவிடலாம்."

அவளுக்குச் சிரிப்பும் திகிலும் ஒன்றாக வந்தன. பத்து பேரை முறைத்தே ஒப்புக்கொள்ள வைத்த மனிதர் ஆட்டுக்கு நற்சான்று கொடுக்கிறார்! அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்மணி இரண்டும் கடுகாய்ச் சுருங்கியிருந்தன. ராஜாங்கத்தின் கண்ணில் டாக்டர் பார்த்ததும் இதைத்தான்.

"காலையிலேர்ந்து இன்னாங்க சாப்புட்டீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"பட்டினி. அந்தக் காபி மட்டும்தான். ஆஹா, என்ன காபி!"

அமிர்தத்துக்குச் சுருக்கென்று உறைத்தது. ராஜாங்கத்தின் டம்ளர். 'ஐயையோ' என்று வெளிறிய முகம். பானைக்குப் பின்னால் போன கத்தி. எவனோ கலந்து கொடுக்கிறான் என்று இவர்கள் ஊரெல்லாம் அலைந்து தேடிய கை, அழுதுகொண்டே இவர்களை வேலைக்கு அமர்த்திய அதே கைதான்!

அத்தோடு இன்னொன்றும் அவள் நினைவுக்கு வந்தது. புருஷனுக்குப் போக வேண்டியது இவருக்குப் போய்விட்டது. செங்கமலம் சும்மா இருப்பாளா? வேலைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க்கில் மறுபடி கலந்திருப்பாள். ராஜாங்கத்துக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். அவன் இன்னும் சற்று நேரத்தில் பஸ் ஏறுவான், சுரங்கத்தில் இறங்கி பிளாஸ்க்கைத் திறப்பான், பெல்ட் பக்கத்தில் தூங்குவான். வேலை போனால்கூடப் பரவாயில்லை. பெல்ட்டில் விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது.

"சார், எழுந்திருங்க! வண்டிய எடுங்க!"

"வண்டி எதற்கு? மேகம் வரும், அதில் போகலாம்."

மேகம் வரும்வரை காத்திருக்க முடியாது. அமிர்தம் ஆட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிற்றாலேயே பரமசிவத்தின் இடுப்பை, மரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் பின் சீட்டோடு வரிந்து கட்டினாள். அந்த லாம்பிரெட்டாவை அவள் ஓட்டியதே இல்லை. பின்னால் உட்கார்ந்து, அவர் ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லிப் பழக்கம் உண்டு. அந்த அனுபவம் போதும் என்று சேலையை இழுத்துச் செருகினாள். வண்டி உறுமியது, துள்ளியது, பிறகு அவளையே கேட்காமல் புறப்பட்டது.

அகலமான டவுன்ஷிப் ரோட்டில் வண்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் பாய்ந்தது. "வழி வுடுங்க! பிரேக்கு எதுன்னு தெரியல!" என்று அமிர்தம் கத்தினாள். பின் சீட்டிலிருந்து பரமசிவம் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார். கயிறு போன துக்கமோ, நற்சான்று கொடுத்தவரை விட மனமில்லையோ, வெள்ளாடு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. தேர்தல் ஊர்வலம் என்று நினைத்து ஒரு கிழவர் கை தட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் சுரங்க பஸ் நின்றிருந்தது. படியில் கால் வைத்திருந்த ராஜாங்கத்துக்கு முன்னால் வண்டி ஒரு மண்மேட்டில் ஏறித் தானாக நின்றது.

"அண்ணே! அந்தப் பிளாஸ்க்க தொடாதீங்க!"

ராஜாங்கம் திரும்பினான். அந்த வெயிலில் அவன் உடம்பு மயிர்க்கூச்செறிந்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. கொட்டாவி மேல் கொட்டாவி. "குளிருதும்மா. வயிறு பெசையுது. இந்தக் காபிய ஒரு வாய் குடிச்சாச் சரியாப்போவும்."

டம்ளர் மாறியதில் ஆட்களின் நிலையும் மாறிவிட்டது என்று அமிர்தத்துக்கு விளங்கியது. தூங்க வேண்டியவன் நடுங்குகிறான், துப்புத் துலக்க வேண்டியவர் ஆட்டோடு கொஞ்சுகிறார். இதைவிடச் சாட்சி எதற்கு? அவள் பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டாள். "இதக் குடிச்சா பொழப்பு போயிடும் அண்ணே. ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒடம்புக்கு முடியலன்னு மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்புங்க. அப்படியே இந்தச் சாமியையும் ஒரு கை புடிங்க."

டாக்டர் பரமசிவத்தைத் தூங்கவிடாமல் வராந்தாவில் நடக்கவிட்டார். பிளாஸ்க்கை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். ராஜாங்கத்தின் நாடியைப் பிடித்தபடி, "பழகிய உடம்பு. திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் படுத்தும். இங்கே இருக்கட்டும், மெதுவாக மீட்கலாம்" என்றார். அமிர்தம் நேராகச் செங்கமலத்தின் வீட்டுக்கு நடந்தாள். வழக்கமாக அவள் வாயில் முந்திக்கொண்டு நிற்கும் கேலி எதுவும் இப்போது வரவில்லை.

"அந்தச் சாணைக்காரன் துணியில வெச்சுக் குடுக்கிறானே, அது இன்னா தங்கச்சி?"

செங்கமலம் முதலில் தலையை ஆட்டினாள். அப்புறம் அடுப்படிக்குப் போய், மிளகு போல ஒரு கறுப்பு உருண்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "மலைத் தழை உருண்டக்கா. தூக்கத்துக்கு. நைட் ஷிப்ட்டு வாரத்துல பகல்ல அவரு புரண்டு புரண்டு படுப்பாரு. ஒரு பொட்டுத் தூக்கம் வராது. தெரு முனை வூட்டு மாணிக்கம்மா அக்காதான் சொன்னாங்க. இந்தத் தெருவுல நைட் ஷிப்ட்டு வூட்டுலல்லாம் இதத்தான் குடுக்கிறாங்க. இங்கிலீஷ் மருந்து இருக்கிறப்ப நாட்டு மருந்தான்னு ஆம்பளைங்க ஏசுவாங்கன்னு யாரும் வெளியில சொல்றது இல்ல."

"நைட் ஷிப்ட்டு வாரம் முடிஞ்ச அப்பால?"

"நிறுத்துனா குளிர் ஜொரம் மாதிரி வந்துடுதுக்கா. சாவுறவரு மாதிரி கெடக்கிறாரு. ஒரு உருண்ட காபியில கரைச்சுக் குடுத்தா ஒடனே எழுந்து குந்திக்கிறாரு. அதான் நைட் ஷிப்ட்டு இல்லாத வாரமும் முறத்தத் தொங்கவுட்டு வாங்குவன். நல்ல மருந்துன்னுதான..." அவள் பாதியில் நிறுத்தினாள். அமிர்தத்தின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். "அக்கா. இது தழதானே? தழன்னு சொல்லுங்க."

அமிர்தம் அந்த உருண்டையை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். செங்கமலம் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நானா அக்கா? எவன் எவன்னு தேடச் சொன்னனே, நானேவா?" என்று விம்மினாள். அமிர்தம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னம் எத்தினி வூட்டுல இத ஊத்திக் குடுத்துகினு இருக்காங்களோ. நான் போய்ச் சொல்றன்."

"உன்ன ஏசுவாங்க."

"ஏசட்டும்."

மறுநாள் காலை, சாணைக்காரன் தனகோட்டி அந்தத் தெரு முனையில் திரும்பினான். திரும்பியவன் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டான். தெருவின் இரண்டு பக்கமும், ஒரு கேட் பாக்கியில்லாமல், எல்லாவற்றிலும் முறம் குப்புறத் தொங்கியது. நெய்வேலி முழுக்க நைட் ஷிப்ட்டுக்குப் போய்விட்டதா? வாயெல்லாம் பல்லாக, சத்தம் காட்டாமல் முதல் கேட்டைத் திறந்தான்.

கத்தியோடு மாணிக்கம்மாள் வெளியே வந்தாள். இந்த முறை கத்தியில் துணி இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருவிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு மொட்டைக் கத்தியோடு அவனைச் சுற்றி நின்றார்கள். நடுவில் செங்கமலம்.

"சாணை புடி" என்றாள் அவள்.

"தூ... தூங்குறாங்களேம்மா, சத்தம்..."

"எங்க வூட்டு ஆம்பளைங்க தூங்குனது போதும். புடி!"

தனகோட்டி சக்கரத்தைத் தோளிலிருந்து இறக்கினான். கத்தியைத் தலைகீழாகப் பிடித்தான். மிதித்தால் சுற்ற வேண்டிய சக்கரம் மிதித்ததும் கழன்று உருண்டு சாக்கடையில் விழுந்தது. கல் புத்தம் புதுசு, ஒரு கத்திகூட அதில் உரசியதில்லை. சக்கரம் சுற்றும் பெட்டியில் உருண்டைகள் பொட்டலம் பொட்டலமாக இருந்தன.

"எனக்கு இந்தத் தொழில் தெரியாதும்மா!" என்று அவன் ஓலமிட்டான்.

"அது நீ சாணை புடிச்ச கத்தி பட்ட மாங்காயக் கேட்டாலே சொல்லுமே" என்றாள் அமிர்தம். முறத்துக்குப் பின்னாலிருந்து எழுந்த பரமசிவம் போலீஸ்காரருக்குச் சைகை காட்டினார். மொட்டைக் கத்திகளைவிடப் போலீஸ் எவ்வளவோ மேல் என்று தனகோட்டி அந்தப் போலீஸ்காரரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். கேட்கும் முன்பே சரக்கு வந்த இடம், கொடுத்த ஆள் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

என்கொயரி அறையில் அதிகாரி சோமசுந்தரம் விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போர்வையோடு அழைத்து வரப்பட்ட ராஜாங்கம் வாயைத் திறக்கும் முன் செங்கமலம் எழுந்தாள்.

"இவரு தூங்கலிங்க. தூங்க வெச்சது நான். எழுதிக்குங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. பின்னால் மாணிக்கம்மாளும் மற்றப் பெண்களும் கதவோரம் நின்றார்கள். பழனிவேல் எழுந்து, "நான் தப்பிச்சுட்டேனுங்களே சார், அவன வுட்டுடுங்க" என்றான். சோமசுந்தரம் புத்தகத்தின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். மனைவி கொடுத்த காபிக்கு என்ன தண்டனை என்று கம்பெனி விதியில் எங்கேயும் இல்லை.

"உடம்பு தேறும்வரை மெடிக்கல் லீவ்" என்று புத்தகத்தை மூடினார். "தேறியதும் டாக்டர் சீட்டோடு டியூட்டிக்கு வரட்டும். அந்தத் தெருவில் மற்றவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அந்தப் பெண்கள் யார் மேலும் கேஸ் வேண்டாம்."

ராஜாங்கம் வீடு திரும்பிய அன்று பரமசிவமும் அமிர்தமும் விசாரிக்கப் போனார்கள். அவன் இளைத்திருந்தான், கண் தெளிந்திருந்தது. செங்கமலம் காபித் தட்டோடு வந்தாள், வந்தவள் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். பரமசிவம்கூட அந்த மணத்துக்கு மசியாமல் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

செங்கமலம் பித்தளை டம்ளரை எடுத்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து புருஷன் டம்ளரில் வாய் வைத்தறியாதவள், எல்லார் முன்னிலையிலும் அதை உதட்டில் வைத்துப் பாதியைக் குடித்தாள். மீதியை அவனிடம் நீட்டினாள்.

ராஜாங்கம் டம்ளரை வாங்கினான். அவள் வாய் வைத்த பக்கமாகவே திருப்பி வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"கசக்குதா?" என்று கேட்டாள் அவள்.

"சக்கர பத்தல" என்றான் அவன். செங்கமலம் அழுதுகொண்டே சிரித்தாள்.

பரமசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சின்ன டம்ளரை எடுத்தார்.

"அதக் குடுங்க சார்" என்று பிடுங்கினாள் அமிர்தம். "மொதல்ல ஆட்டுக்கு ஒரு வாய் குடுத்துப் பாப்பம்." வாசலில், கயிறில்லாத அந்த வெள்ளாடு அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றது.